ஞாபகக்காரர்கள்

தியேட்டரை இழுத்து மூடிய பிறகும் அதற்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள் என்பது அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருவர், வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். இன்னொருத்தி அவர் மனைவி. ஊருக்கு அவர் கேட்காரர், அவள் கேட்காரம்மா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர்களே திரும்பிப் பார்ப்பார்களா என்பது சந்தேகம்தான்.

கேட்காரர் படுத்த படுக்கை. தியேட்டர் மூடிய சூட்டோடு பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாயும் கோணிப்போய், அவர் பேசுவது அவளுக்கு மட்டும்தான் புரியும். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைகழுவிவிட்டார்கள். வீட்டுக்கு எங்கே போவது? டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் மேனேஜர் ரூம் என்று ஒன்று இருந்தது. மேஜையை வெளியே தள்ளிவிட்டுக் கட்டிலைப் போட்டார்கள். பெண்கள் கக்கூஸில் தண்ணீர் வந்தது. போதும் என்றாள் அவள்.

முதலாளியை நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்லிவிட முடியாது. அப்பா விட்டுப்போன தியேட்டரைக் கட்டிக்கொண்டு மாரடித்தவர். கடைசிக் காலத்தில் ஆயிரம் பேர் உட்காருகிற இடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதிலும் பாதிப் பேர் தூங்க வந்தவர்கள். ஒரு நாள், போதுமடா சாமி என்று மெஷினை நிறுத்திவிட்டார். கேட்காரர் விழுந்தபோது அவரே வந்து கட்டில் ஓரமாக நின்று சொன்னார்.

"அவர் இருக்கிற வரைக்கும் இருங்கம்மா. இடிக்கிறது கிடிக்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஆனா ஒண்ணு, வெளியாள் ஒருத்தரையும் உள்ள விடக் கூடாது. கூரை எப்ப விழும்னு எனக்கே தெரியாது."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கு வேறு ஆசை இல்லை. இந்த மனுஷன் கண்ணை மூடுகிற வரைக்கும் நாலு சுவருக்குள் கிடக்கட்டும், தெருவுக்கு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வாய் மட்டும் அவளுக்குக் குறையவில்லை. காலையில் அவரைப் புரட்டிப் போட்டு முதுகு துடைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "ஆயுசு பூரா அந்த வாசல்ல நின்னு அப்படி என்னத்தைக் கிழிச்சீங்க?"

அவர் கோணல் வாயால், "டிக்கெட்டு" என்பார்.

கல்யாணமான புதிதில் பிறந்த வேடிக்கை அது. தேய்ந்து நூலாகிப் போயிருந்தாலும் இரண்டு பேருக்கும் அதில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது.

மேனேஜர் ரூமின் தகரக் கதவைத் திறந்தால் பெரிய கூடம். அதற்கப்பால் அரங்கம். இருக்கைகளின் பஞ்சை எலி இழுத்துப் போட்டிருந்தது. திரை நடுவில் கிழிந்து தொங்கியது. பால்கனி முழுக்கப் புறா எச்சம். கேட்காரம்மா அந்தப் பக்கம் போவதே இல்லை. இடைவேளைக்கு இடைவேளை அவள் பெருக்கித் தள்ளிய இடம் அது. அதை அந்தக் கோலத்தில் பார்த்தால் கை பரபரக்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாமல் அழுகை வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் கதவு தட்டப்பட்டது. ஏழெட்டுப் பேர் நின்றார்கள், எல்லாம் தலை நரைத்தவர்கள், கையில் போனோடு. முன்னால் நின்ற தொப்பைக்காரர்தான் பேசினார்.

"அக்கா, நாங்கல்லாம் இந்தத் தியேட்டர்ல படம் பாத்து வளந்தவங்க. உள்ள ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறோம். சின்ன வயசு ஞாபகம்."

"ஓடிட்டு இருந்தப்ப எங்க போயிருந்தீங்களாம்?"

தொப்பைக்காரர் அசடு வழிந்தார். பின்னால் நின்ற ஒருத்தி, இப்போது டீச்சராக இருப்பவள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எந்த வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. கேட்காரம்மா அசையவில்லை. "முதலாளி விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. போயிட்டு வாங்க," என்று கதவைச் சாத்தப் போனாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கேட்காரர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷனின் முகமே வேறு மாதிரி இருந்தது. விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அவள் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

"கூட்டமா?" என்றார்.

"ஆமா. கூட்டம்தான். திருப்பி அனுப்புறேன்."

"விடு," என்றார். "வந்த கூட்டத்தைத் திருப்பாதே. கதவைத் திற."

அவள் முதலாளி சொன்னதை எடுத்துச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. கோணிய வாயிலிருந்து எச்சில் வழிய, திற, திற என்று சட்டத்தைத் தட்டித் தட்டி அழவே ஆரம்பித்துவிட்டார். ஒரு தடவைதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று அவள் போய்த் திறந்துவிட்டாள்.

ஞாபகக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். அவள் அவர்களுக்கு வைத்த பெயர் அது. இங்கேதான் நான் உட்கார்ந்தேன், இங்கேதான் என் சட்டை கிழிந்தது, இந்தத் தூணுக்குப் பின்னால்தான் நான் இவளைப் பார்த்தேன் என்று ஒரே சத்தம். புறா எச்சத்தைக்கூடப் படம் எடுத்தார்கள். திரும்பும்போது தொப்பைக்காரர் மேனேஜர் ரூமை எட்டிப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவரை அடையாளம் தெரிந்ததும் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, என்னைத் தெரியுதா? டிக்கெட் இல்லாம நுழைஞ்சதுக்குக் காதைத் திருகினீங்களே."

கேட்காரருக்குத் தெரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார். யாரோ பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்கள், கடையில் கொடுத்த ரசீது போலிருந்தது. அவர் அதை இடது கையில் வாங்கி, பல்லில் கடித்து, சரியாகப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் விக்கி விக்கி அழுதாள். ஏழெட்டுப் போன்களும் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தன. கிளம்பும்போது தொப்பைக்காரர் தன் நம்பரை எழுதிக் கொடுத்து, "எது வேணும்னாலும் ஒரு போன் போடுங்கக்கா," என்றார்.

அன்றைக்குக் கேட்காரர் நன்றாகச் சாப்பிட்டார். அவளும் சந்தோஷப்பட்டாள். பொய் சொல்வானேன், அன்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. கேட்காரர் சீட்டைக் கிழிப்பதை யார் யாரோ பார்த்து யார் யாருக்கோ அனுப்பினார்கள். தினமும் வாசலில் ஆள் நின்றது. இந்தத் தியேட்டரை இடிக்கக் கூடாது என்று ஒருவர் ஆரம்பித்து வைக்க, ஆயிரம் பேர் ஆமாம் போட்டார்கள். இப்போதே இடிக்கப் போகிறோம் என்று யாருமே சொல்லாத கட்டடத்துக்கு அவ்வளவு கூச்சல். அரசாங்கமே எடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்று மனு போயிற்று.

முதலாளி வந்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் அவசரப்படவே இல்லம்மா. நீங்கதான் அவசரப்படுத்திட்டீங்க. இதைப் பழைய கட்டடம், கை வைக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவு வந்துடுச்சுன்னா என் பிள்ளைங்களுக்கு இந்த இடம் இருந்தும் இல்லாத மாதிரிதான். அது வர்றதுக்கு முன்னாடி இடிச்சாகணும். நாளைக்குக் காலையில மெஷின் வருது."

"அவர் இருக்கிற வரைக்கும்னு வாக்குக் கொடுத்தீங்களே ஐயா."

"கொடுத்தேன். கூடவே ஒண்ணு சொன்னேன் இல்லையா?"

அவர் காலில் விழலாம் என்று தோன்றியது. விழுந்தும் பார்த்தாள். அவர் பதறி எழுந்து, ஐயோ என்னம்மா இது என்று விலகிக்கொண்டாரே தவிர மனசு மாறவில்லை. அவர் போன பிறகு கூடப் பிறந்த தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி, "நீ மட்டும்னா வந்துடுக்கா," என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். கேட்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கதவைத் திறக்கச் சொன்னவர் அவர்.

காலையில் மெஷின் வந்துவிட்டது. வேலையாட்கள் நல்ல பையன்கள்தான். கட்டிலோடு அவரைத் தூக்கி, எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த கடை முன்னால், தகரப் பந்தலின் கீழ் பதமாக இறக்கிவைத்தார்கள். பாத்திரம் பண்டத்தைச் சாக்கில் கட்டிப் பக்கத்தில் வைத்தார்கள். முன்சுவரில் முதல் அடி விழுந்தபோது கேட்காரர் ஒரு தடவை முனகினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டவர் திறக்கவே இல்லை. தெருவெல்லாம் புழுதி. அவருக்கு இருமல் வந்தால் நிற்காது என்று அவள் போர்வையை இழுத்து அவர் முகத்தையும் சேர்த்து மூடினாள்.

தொப்பைக்காரரின் நம்பருக்குப் போன் போட்டாள். "சீக்கிரம் வாங்க தம்பி, எல்லாம் போச்சு," என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள்.

காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே டீச்சரும் மற்ற ஞாபகக்காரர்களும் வந்தார்கள். சிலர் இடிகிற சுவரைப் படம் எடுக்கப் போனார்கள். தொப்பைக்காரர் நேராகக் கட்டிலுக்கு வந்தார். முகத்தை மூடிய போர்வையைப் பார்த்தார். கால்மாட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

"எப்பக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"விடிஞ்சதும்," என்றாள் அவள். மெஷின் வந்ததைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"ஒரு தடவை முனகினாரு. அவ்வளவுதான்."

தொப்பைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். டீச்சர் வந்து கேட்காரம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க தனியா இல்லக்கா. ராத்திரி நான் உங்க கூடவே இருக்கேன்," என்றாள். யாரோ ஒருவர், வண்டிக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றார். இன்னொருவர், செலவைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்றார்.

"இப்படித் தெருவுல போட்டு வெக்கலாமா?" என்றார் தொப்பைக்காரர். "எங்க வீட்டு முன்ஹால் சும்மாதான் கிடக்கு. அங்க கொண்டு போயிடலாம். நாலு பேர் வந்து பாக்கணும் இல்ல? ஆக வேண்டியதை எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

கேட்காரம்மா எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினாள். கூடப் பிறந்தவனே கைவிட்ட பிறகு, யார் பெற்ற பிள்ளைகளோ வந்து நிற்கிறார்கள். இவர்களையா அன்றைக்கு வாசலில் வைத்துக் குத்திப் பேசினோம் என்று வெட்கமாக இருந்தது. முதலில் இவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போர்வையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"ஏங்க," என்று கன்னத்தைத் தட்டினாள். "இடம் கிடைச்சிடுச்சுங்க. இந்தத் தம்பி வீட்டு ஹால்ல."

கேட்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். டீச்சரின் கை அவள் தோளிலிருந்து நழுவியது. "உயிரோட இருக்காரா?" என்றார் தொப்பைக்காரர்.

அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இருக்காரு தம்பி. ஹால் முழுக்க வேணாம். ஒரு மூலை போதும்."

"இல்லக்கா, அது வந்து... ஒரு நாள்னா பரவாயில்ல," என்றார் அவர். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். வண்டிக்குச் சொல்லப் போனவர் போனைக் காதில் வைத்தபடியே நகர்ந்துகொண்டிருந்தார். கேட்காரர் ஏதோ கேட்டார். சுவர் விழுந்த சத்தத்தில் அவளுக்கே அது புரியவில்லை. அவர் முகத்தில் படிந்த புழுதியை முந்தானையால் துடைத்துவிட்டு, போர்வையைக் கழுத்து வரைக்கும் மட்டும் இழுத்துவிட்டாள்.