ஷுக்ரி நானாவின் முடக்கு

நிஷாந்தினி கடைக்குள் நுழைந்தபோது ஷுக்ரி நானா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கேட்க வந்ததை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். இருந்தும் அவர் முகத்தைப் பார்த்ததும் சீனி விலையைத்தான் கேட்டாள்.

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளை இழந்த குடும்பங்களுக்காகப் பண்டாரவளைக்கு அப்பால் கட்டிய குடியிருப்பு அது. தொடக்கத்தில் சில வரிசை வீடுகள்தான். பிள்ளைகள் கல்யாணம் முடித்தார்கள், பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இப்போது மலையின் பாதி உயரம் வரைக்கும் தகரக் கூரைகள் மின்னுகின்றன. பாதை மட்டும் அப்படியே கிடந்தது. போன வறட்சியில், மேலே மானாப்புல்லில் பற்றிய தீ காற்றோடு இறங்கி வந்தது. தீயணைப்பு வண்டியும் வந்தது, நானாவின் கடை முடக்கு வரைக்கும். அந்த வளைவில் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னுமாக உறுமிக்கொண்டு நின்றது. மேலே பூவம்மாவின் வீடு எரிந்து முடிந்தது. அவள் ரோட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லும்படி பிரதேச சபை குடியிருப்புச் சங்கத்தைக் கேட்டது. முன்பள்ளி ஆசிரியையான நிஷாந்தினிதான் சங்கச் செயலாளர். கூட்டத்தில் ஒருவர் பொலிஸ் காவலரண் என்றார், ஒருவர் தெருவிளக்கு என்றார், ஆம்புலன்ஸ் ஒன்று இங்கேயே நிற்கவேண்டும் என்றார் இன்னொருவர். எது வந்தாலும் அந்த முடக்கோடு நின்றுவிடும் என்று அவள் சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அகலப்படுத்தச் சபை தயார். ஆனால் வளைவுக்கு ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் கடை. கடையோ நானாவின் சொந்தக் காணியில் இருந்தது. அவர் மனம் வைத்தால்தான் நடக்கும்.

சீனிப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"பாதிக் கடைய ஒடைக்கச் சொல்றீங்க. வாப்பா கட்டினது தங்கச்சி. எனக்கு ஏலாது," என்றார் அவர். கோபமில்லை. அதுவே அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சீனிக்குக் காசை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

உள்ளேயிருந்து அவர் மனைவி உம்மு குல்தூமின் குரல் வந்தது. "அன்னைக்கி அந்த வண்டிக்காரன் நம்ம சுவத்துல கைய வச்சிக்கிட்டு அழுதான். நீங்க வாளி தூக்கிட்டு மேல ஓடிட்டீங்க. நான்தான் பாத்துக்கிட்டு நின்டேன்."

நானா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில், முன்பள்ளிக்குப் போகும் வழியில் நிஷாந்தினி தகரம் உரசும் சத்தம் கேட்டு நின்றாள். ஷுக்ரி நானா தன் கடைக் கூரைமேல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருக்கும் மேட்டை வெட்டிக் கொடுத்தால் கடையை உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்வதாக மேலேயிருந்தபடியே சொன்னார். "நாங்களே வெட்டித் தர்றோம் நானா," என்றாள் அவள்.

பௌர்ணமி போயா விடுமுறைக்கு மொத்தக் குடியிருப்பும் மண்வெட்டியோடு இறங்கியது. கொத்தனார் தங்கராஜா அத்திவாரம் போட்டார். கூலி என்ற பேச்சையே அவர் எடுக்கவிடவில்லை. பூவம்மா மண் சுமந்தாள். மழை தொடங்குவதற்குள் கடை பின்னால் எழும்பிவிட்டது. முடக்கில் சபை கொங்கிரீட் போட்டது.

இந்த ஆவணியில் மறுபடியும் காற்று பிடித்தது. மத்தியானம் புல்மேட்டில் புகை எழுந்ததுமே நிஷாந்தினி தீயணைப்புக்குத் தகவல் சொல்லிவிட்டாள். முன்பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் கோயிலடிக்கு இறக்கிவிட்டு முடக்குக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே கூட்டம். கீழே சிவப்பு வண்டி தெரிந்தது, வளைவை நெருங்கியது, வேகம் குறைந்தது. நானா தன் புதுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

வண்டி ஒரே வெட்டில் திரும்பி மேலே ஏறியது.

எழுந்த கூச்சலில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. பூவம்மா நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "திரும்பிருச்சு நானா," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தீ கடைசி வரிசை வீடுகளை இன்னும் தொடவில்லை. சாரதி வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டி, அரைகுறைத் தமிழில் இன்னும் மேலே எப்படிப் போவதென்று கேட்டார். நிஷாந்தினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடினாள். அவள் பின்னால் மணி அடித்துக்கொண்டு வண்டியும், வண்டிக்குப் பின்னால் வாளிகளோடு ஊரும், புகை இறங்கிக்கொண்டிருந்த மலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.