பூ வளைவு

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்திருந்தது. மாதவி குனிந்து அதை இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் லோரி வந்து நின்றது. இராமலிங்கம் மாமா இறங்கினார்.

மேரு நகரில் அப்பாவும் அவரும் இருபது வருடம் சேர்ந்து கல்யாண மேடை அலங்காரம் செய்தவர்கள். வெள்ளம் வந்த வருடம், அவர்கள் கிடங்கிலிருந்த போலிஸ்டைரின் நுரையில் செய்த அன்னப் பறவைகளும் தூண்களும் மிதந்துபோய்க் கால்வாயை அடைத்துக்கொண்டன. பக்கத்துத் தெரு வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. அதன்பிறகு அப்பா அந்த வெள்ளைப் பொருளைக் கையால் தொடவில்லை. மூங்கில், துணி, தென்னங்குருத்து என்று மாறிவிட்டார். "அன்னம் இல்லாத மேடையில எவன்யா தாலி கட்டுவான்?" என்று கேட்டுவிட்டு மாமா பிரிந்துபோனார். நான்கு வருடமாகப் பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பா மகளிடம் ஒன்றுதான் கேட்டார். "என் சாவுல போலிஸ்டைரின், பிளாஸ்டிக் எதுவும் வேணாம்மா." அவள் கையைப் பிடித்துச் சரியென்றாள்.

மாமா தார்ப்பாயை விலக்கினார். ஆள் உயரத்துக்கு ஒரு பூ வளைவு. வெள்ளைச் சாமந்தியும் சம்பங்கியும் நெருக்கமாக.

"தொட்டுப் பாரு மாதவி. ஒரு இலகூட பொய் இல்ல. உங்கப்பன் எழுந்து வந்து செக் பண்ணாலும் பாஸ்தான் லா."

தொட்டுப் பார்த்தாள். பூக்களுக்கு அடியில், மூங்கில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிய, தண்ணீர் குடித்த பச்சைக் கட்டிகள். காம்புகள் அவற்றில்தான் குத்தியிருந்தன. பச்சையாக இருக்கிறது, நீரை உறிஞ்சுகிறது, விரல் பட்டால் பொடிகிறது. மக்கிவிடும் என்று மாமா நம்பியிருக்கிறார். அதுவும் பிளாஸ்டிக் நுரைதான். பொடிந்தால் சாக்கடை வழியே மீன் வயிற்றுக்குப் போகும் என்று அப்பா அதில் ஒரு கட்டிகூட வாங்கியதில்லை.

"சவ வண்டி முகப்புல கட்டிடலாம். அவனுக்கு நான் போடற கடைசி மேடை" என்றார் மாமா. கண்கள் சிவந்திருந்தன.

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அண்ணன் வந்துட்டீங்களா!" என்றாள்.

இறந்தவருக்குக் கொடுத்த வாக்கைக் கடவுள் மறக்கமாட்டார். உயிரோடிருப்பவர் முகம் வாடுவதையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாதவி சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, வண்டியில கட்டுனா பூ வெளியவே நின்னுடும். அப்பா மேல படாது. எல்லாத்தையும் உருவி, ஆளுக்கு ஒன்னா கையில குடுத்துடலாமா? மொதப் பூ நீங்க போடுங்க."

மாமா வளைவைப் பார்த்தார். "விடிஞ்சதுலருந்து குத்துனேன்மா."

"தெரியுது மாமா."

ஓரத்துச் சம்பங்கி ஒன்றைப் பிடித்து மெல்ல உருவினார். பிறகு, "சரி, வாளி கொண்டா. காம்ப ஒடிக்காம எடு" என்றார்.

இருவரும் உருவினார்கள். முதலில் மாமா அப்பாவின் நெஞ்சில் ஒரு சாமந்தியை வைத்துவிட்டு, "பிடிவாதக்காரன்" என்றார். பின்னால் வரிசை நகர்ந்தது. கழுத்துவரை பூவான பிறகு அப்பாவைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

மாதவி தார்ப்பாயை மூட வந்தபோது மாமா லோரியருகே நின்றிருந்தார். கட்டிகள் முழுக்கத் துளைகள்.

"மக்கும்னுதான் கடைக்காரன் சொன்னான்" என்றார் மெதுவாக.

"பூ எல்லாம் நல்ல பூ மாமா."

அவர் விரல்களில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. சாக்கடையோரக் குழாயடிக்குப் போனார்; திறக்கக் கை வைத்தவர் அப்படியே நின்றார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தார். தூள் சிந்தாதபடி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சவ வண்டியை நோக்கி நடந்தார்.