மரங்களைத் தாண்டிப் போன மலர்விழி

என் பெயர் குப்பம்மாள். கிராம சுகாதார செவிலியர். எண்பத்தெட்டில் பிறந்தவளுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று கேட்காத ஆள் கிடையாது. எனக்கு முன்னால் பிறந்த அக்கா செத்துப்போனாள். நானாவது தங்க வேண்டும் என்று என்னைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து இந்தப் பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரால் நான் பட்ட பாட்டுக்கு, முகம்கூடப் பார்க்காத அந்த அக்கா மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது.

அவள் பெயர் மலர்விழி. நல்ல பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் பாருங்கள். எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தபோது, தொண்டை அடைப்பான் வந்து செத்தாள். எட்டு வயது. “ரோட்டுல மரம் மட்டும் கெடக்கலன்னா எம்பொண்ணு பொழைச்சிருக்கும்” என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன்.

போன புரட்டாசியில் கல்வராயன் மலையில் தடுப்பூசி போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மினிபஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் வண்டி சூடாகி நின்றது. காற்று வாங்கலாம் என்று இறங்கினேன். மேகம் வந்து மூடியது. விலகியபோது பஸ்ஸும் இல்லை, தார் ரோடும் இல்லை. வெறும் சரளைதான் கிடந்தது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். திரும்பி வந்தது எப்படி என்றும் கேட்காதீர்கள். அதே வளைவு, அதே மேகம், அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

மலையடிவாரத்துக்கு நடந்து வந்தால் ரோட்டின் குறுக்கே ஒரு வேப்பமரம் கிடந்தது. அதன் மேல் ஆண்கள் உட்கார்ந்து இருபது சதவீதம் கேட்டுக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இது எந்த வருடம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்து ஓடினேன்.

கூரை வீடு. உள்ளே என் அம்மா தங்கமணி. என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

“யாருக்கா நீ?” என்றாள்.

“நர்ஸு” என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

பாயில் மலர்விழி கிடந்தாள். கழுத்து வீங்கி முகத்தோடு ஒன்றாகியிருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. வாசல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். தொண்டை முழுக்க சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. அந்த நிலையிலும் அவள் கண் என் பெட்டி மேலேயே இருந்தது.

“ஐஸ் விக்கிறியா?” என்றாள். குரல் பாதிதான் வந்தது. “எனக்கு ஒண்ணு குடேன்.”

இவள் மேலா நான் இத்தனை வருடம் கோபமாக இருந்தேன்? பெட்டிக்குள் இருந்த பனிக்கட்டிப் பையை எடுத்து அவள் கழுத்தில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். “ஊசி மருந்து அவ்ளோ வச்சிக்கினு இன்னாக்கா பாத்துக்கினு இருக்கற? போடேன்!”

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. பெட்டியில் இருந்தது இதே நோய்க்கான தடுப்பூசி. வாராவாரம் கதறுகிற பிள்ளைகளைப் பிடித்து நான் போடுகிற ஊசி. நோய் வருமுன் போட்டால் காப்பாற்றும். வந்தபின் போட்டால் தண்ணீருக்குச் சமம். “இது இப்ப வேலைக்கு ஆவாதும்மா” என்றேன். ஈவிரக்கம் இல்லாதவள் என்பதுபோல என்னைப் பார்த்தாள். மலர்விழிக்கு வேண்டியது நோயின் விஷத்தை முறிக்கிற சீரம். அது கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் என்று நினைத்தேன்.

“ஒன் வூட்டுக்காரரு எங்க?” என்றேன்.

“மரத்தாண்ட. காலையில இது கஞ்சி குடிச்சிச்சி. அத்தப் பாத்துட்டுதான் போனாரு.”

பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கூடவே கிளம்பிய அம்மா, வாசலைத் தாண்டியதும் குனிந்து வாந்தி எடுத்தாள். எனக்குக் கணக்கு புரிந்தது. அந்த வயிற்றில் இருப்பது நான்.

“நீ வராத. மரம் ஏறி எறங்குற ஒடம்பா இது? வவுத்துல இருக்குது இல்ல?”

“அவருகிட்டயே இன்னும் சொல்லலியேக்கா” என்று விழித்தாள்.

“நான் பாத்துக்கறேன். நீ வூட்லயே இரு.” பெற்றவளை ஒரு அதட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டு நடந்தேன்.

ஊர் எல்லையில் பெரிய புளியமரத்தைச் சாய்த்துப் போட்டு, அதன்மேல் கோடாலியோடு நின்றுகொண்டிருந்தார் அப்பா. சின்னராசு. பிள்ளையைப் பார்த்ததும் கோடாலி கையைவிட்டு விழுந்தது.

“கள்ளக்குறிச்சி வரைக்கும் எத்தினி மரம்?” என்று கேட்டேன்.

“ஊருக்கு ஒண்ணுக்கா. அவங்கவங்க எல்லையில அவங்கவங்க வெட்டணும்னு பேச்சு. நான்தான் சைக்கிள்ல ஊர் ஊரா போயி சொல்லிட்டு வந்தேன்.” அவர் சொன்ன சொல்லை ஒரு ஊரும் தட்டவில்லை.

அப்புறம் நடந்ததை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. அப்பா மரத்தின் மேல் ஏறி நின்று கையை நீட்டினார். நான் பிள்ளையைக் கொடுத்தேன். அவரிடமிருந்து அந்தப் பக்கம் நின்ற ஒருவர் வாங்கினார். சைக்கிள் பின்னால் என்னையும் பிள்ளையையும் ஏற்றி அடுத்த மரம் வரை மிதித்தார்கள். அங்கே கோஷம் நின்றது, அந்த ஊர்க்காரர்கள் கைகளை நீட்டினார்கள். இப்படி மரத்துக்கு மரம் கைமாறி, அக்கா உயிரோடு கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. பென்சிலின் போட்டார், ஆக்சிஜன் வைத்தார். கையில் இருந்ததையெல்லாம் செய்தார்.

“சீரம் தீந்துபோச்சுங்க. கடலூர்ல இருக்கு. போன் போட்டுட்டேன், குடுக்கத் தயாராத்தான் இருக்காங்க. வண்டிதான் வர முடியாது. உளுந்தூர்பேட்டையிலேர்ந்து தியாகதுருகம் வரைக்கும் மரமாக் கெடக்குது.”

“நம்ம ஆளுங்கதான் சார்! நான் போயி சொன்னா வழி விடுவாங்க” என்று அப்பா எழுந்தார். வாசல்வரை போனார். அந்த ரோட்டைப் பார்த்தபடி நின்றார். கடலூர் நூறு கிலோமீட்டருக்கு மேல், மரத்துக்கு மரம் சொல்லிப் போய் வருவதற்குள் விடிந்துவிடும். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இவ டாக்டருக்குப் படிக்கணும்னுதாங்க வெட்டுனோம்” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மலர்விழியை மடியில் சாய்த்து வைத்திருந்தேன். மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே போய்ப் போய் வந்தது. கண்ணைத் திறந்து, “அம்மா எங்க?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வளர்ந்த வீட்டில், மரத்தைத் திட்டி முடித்ததும் அம்மா இன்னொன்றும் சொல்வாள். “என் மடியிலதான் போச்சு. தலையக் கோதிக்கினே இருந்தேன். பயப்படாம போச்சு.” அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. இப்போது என் கை அந்தத் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. ஆனால் என் மடி அவளுக்கு யாரோ ஒரு நர்ஸின் மடி. அவள் பயந்துகொண்டேதான் போனாள். வெயில் தாழும்போது மூச்சு நின்றது.

அப்பா அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றுவிட்டார். “நீ முன்னால போயி அவகிட்ட சொல்லிடுக்கா. எனக்கு வாய் வராது.”

நான் முன்னால் நடந்தேன். மரங்களின் மேல் இருந்தவர்கள் என் வெறுங்கையைப் பார்த்து எழுந்து நின்றார்கள்.

அம்மா வீட்டில் இருக்கவில்லை. எங்கள் ஊர் மரத்தடியிலேயே வயிற்றில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் சொல்லவும் தேவைப்படவில்லை. கத்துவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என்னியக் கேட்டுச்சாக்கா?”

“இல்லம்மா. தூங்கிக்கினேதான் இருந்துச்சு. எதுவுமே தெரியல அதுக்கு.”

என் அம்மா அதை நம்பிவிட்டாள்.