பேசி அனுப்பு

குடைக்காரர் அன்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாரா, கதவுப் பக்கமா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. ஒரு நாள் ஜன்னல் என்று தோன்றுகிறது, இன்னொரு நாள் கதவு. ஒன்பது வருடமாகிறது. பயத்தில் பார்த்தது பாதி, பிறகு யோசித்து யோசித்துச் சேர்த்துக்கொண்டது பாதி என்று இருக்கலாம். கத்தரிக்கோலின் சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அகராதி அலுவலகத்தில் ஆறு வருடம் உதவிப் பதிப்பாசிரியராக இருந்தேன். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து வருவதில் எதற்குத் தனிப் பதிவு கொடுப்பது என்று பார்ப்பது என் பிரிவின் வேலை. ‘தண்ணீர் குடி’க்குப் பதிவு கிடையாது. தண்ணீரும் தெரியும், குடிப்பதும் தெரியும், தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது. ‘தண்ணி காட்டு’ உள்ளே வந்துவிடும். ‘கம்பி நீட்டு’வுக்காக ஒரு காலைப்பொழுது முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

ஒரு தொடர் உள்ளே வர மூன்று மேற்கோள் சீட்டுகள் வேண்டும். அதில் ஒன்றாவது வாய்ப்பேச்சில் கேட்டதாக இருக்கவேண்டும். அந்தச் சீட்டின் பின்புறம் சொன்னவரின் பெயர், வயது, தொழில், வீட்டு எண் எல்லாம் எழுதவேண்டும். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் இதில் கறார். அவரை நாங்கள் மேடம் என்போம். முன்பு ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடியே மேற்கோள்களை ஜோடித்து, அவை அச்சும் ஏறிவிட்டன. அதிலிருந்து, பொய்ச் சீட்டு என்று தெரிந்தால் மேடம் கூட்டத்திலேயே அதை நான்காக வெட்டி வாளித் தண்ணீரில் போடுவார். எழுதியவருக்கு அன்றோடு வேலை இல்லை. அவர் அதுவரை சேர்த்த சீட்டுகள் அத்தனையும் வாளிக்குப் போகும். வெறுமனே தோற்றுப்போன தொடரின் சீட்டுகளுக்கு இந்தக் கதி இல்லை. அவை இழுப்பறைக்குத் திரும்பிப் பத்திரமாக இருக்கும்.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் தையல்காரி. ஒரு நாள் காலை, காஜா போட்டுக்கொண்டே சொன்னாள்.

“கடைசி வீட்டு வாத்தியாரைப் பேசி அனுப்பிட்டாங்கடா. நாலு பேரு வந்தாங்க. பால் எடுக்கக் கதவத் திறந்தவ அப்படியே நின்னுட்டேன். ஒருத்தன் மூஞ்சிய நல்லாவே பார்த்தேன்.”

அந்த வருடம் எல்லார் வாயிலும் இருந்த பேச்சு அது. வருகிறவர்கள் வாசலில் நின்று, “கொஞ்சம் பேசிட்டு அனுப்பிடுறோம்” என்பார்கள். கூடப் போனவர் திரும்பி வருவதில்லை.

நான் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

“நான் வாயத் திறந்தா நீ பேனாவத் திறக்கிற. இதுக்கெல்லாமாடா சம்பளம் தர்றாங்க?”

“வயசு நாப்பத்தொண்ணுதானே?”

“முப்பத்தெட்டுன்னு போடு. அகராதி என்ன பொண்ணு பார்க்கவா வருது?”

நாற்பத்தொன்று என்றே எழுதினேன். வீட்டு எண் பதினேழு. அச்சில் வந்த மேற்கோள் இரண்டு ஏற்கெனவே கையில் இருந்தன, இது மூன்றாவது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாத்தியாரைப் பற்றி அந்த நிமிடம் நான் நினைக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே சீட்டுகளைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். யாரும் திருத்தக்கூடாது என்பதற்காக. சாவி மேடத்திடம். பெட்டி பூட்டிய மறுநாள் கடிதம் வந்தது. அச்சு அனுமதித் துறையிலிருந்து ஒருவர் கூட்டத்தில் உட்காருவார், முடிந்ததும் தொடர்ச் சீட்டுகள் எல்லாவற்றையும் பார்வைக்கு எடுத்துப்போவார் என்று இரண்டே வரி.

அக்கா பார்த்த முகம், அவள் பெயர், எங்கள் வீட்டு எண், எல்லாம் என் கையெழுத்தில் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

அந்த இரண்டு நாளும் தெருவில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் நான் எழுந்து நின்றேன். “என்னடா, முள்ளுமேல நிக்கிற மாதிரி நிக்கிற?” என்று அக்கா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கூட்டத்துக்கு வந்தவர் மழையே இல்லாத நாளில் குடை கொண்டுவந்திருந்தார். அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். மரியாதையாக எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். மேசையைச் சுற்றி மேடம், நான், காற்புள்ளி. காற்புள்ளி மூத்த பதிப்பாசிரியர். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் ஒரு காற்புள்ளி போட்டுத்தான் திருப்பித் தருவார்.

மேடம் ‘பேசி அனுப்பு’வின் முதல் இரண்டு சீட்டுகளைப் படித்துவிட்டு, “வேண்டாம்னு நினைக்கிறேன். பேசுறதும் தெரியும், அனுப்புறதும் தெரியும். தள்ளி வைப்போம்” என்றார். யாரையும் பார்க்கவில்லை.

தள்ளி வைத்தால் சீட்டு இழுப்பறைக்கு. இழுப்பறையிலிருந்து குடைக்காரரின் கைக்கு.

“எப்படி மேடம்?” என்றார் காற்புள்ளி. “இதுல பேச்சும் இல்ல, அனுப்புறதும் இல்ல. ரெண்டு சொல்லும் தெரிஞ்சவனுக்குக்கூட அர்த்தம் புரியாது. இதுக்கு இல்லாம வேற எதுக்குப் பதிவு? மூணாவது சீட்டைப் படிங்க. யார் சொன்னதுன்னு பின்னாடியும் படிங்க.”

அவர் எப்போதும் அப்படித்தான். அறையில் யார் இருந்தாலும் சொல்லுக்காக வாதாடுவார்.

மேடத்தின் விரல் சீட்டின் மேல் போனது.

“அது பொய்ச் சீட்டு” என்றேன். “நானே எழுதினது. யாரும் சொல்லல.”

காற்புள்ளி என்னை முறைத்தார்.

“அதெப்படிப் பொய்யாகும்? நானே காதால கேட்டிருக்கேனே.”

குடைக்காரர் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தார். “யாரு சொல்லி, சார்?”

குரலில் அதட்டல் இல்லை. வழி கேட்பவர் போலக் கேட்டார். காற்புள்ளி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

“ஞாபகம் வரல” என்றார்.

மேடம் மூன்றாவது சீட்டைத் திருப்பிப் பின்புறத்தைப் படித்தார். அவருக்கு என் அக்காவைத் தெரியும். அவருடைய ரவிக்கைகளை அவள்தான் தைத்துக்கொடுப்பாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

“அலுவலக விதி” என்று குடைக்காரரிடம் சொன்னார்.

ஒரு வெட்டு. சேர்த்துப் பிடித்து இன்னொரு வெட்டு. நான்கு துண்டும் தண்ணீரில் விழுந்தன, மசி நீலமாகக் கரைந்தது. குடைக்காரர் கழுத்தை நீட்டி வாளிக்குள் பார்த்தார். எழுத்து கரையும் வரை அவர் கண் அங்கேயே இருந்ததாக ஒரு நினைவு. அதுவும் நான் பிறகு சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். அதன்பின் என்னுடைய மற்ற சீட்டுகள் வந்தன. ஆயிரத்து நூற்றுக்கு மேல். எல்லாவற்றையும் வெட்டி முடிக்க மாலையாகிவிட்டது. குடைக்காரர் கடைசி வரை இருந்துவிட்டு, மிச்சமிருந்த சீட்டுகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனார்.

அகராதி இரண்டு வருடம் கழித்து வந்தது. அந்தத் தொடர் அதில் இல்லை. மேடம் ஓய்வுபெற்று மகளோடு இருக்கிறார். குடைக்காரரை நான் மறுபடி பார்க்கவில்லை. கடைசி வீட்டு வாத்தியார் வரவில்லை, அவர் மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். காற்புள்ளியைக் கூட்டம் நடந்த மறுவருடம் பேசி அனுப்பிவிட்டார்கள். வேறு யாரோ எழுதிய சீட்டில் அவர் பெயர் இருந்ததா, அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்ததா, தெரியாது. அக்கா இருக்கிறாள். எனக்கு அதன்பின் எந்தப் பதிப்பகத்திலும் வேலை கிடைக்கவில்லை. அவளோடு உட்கார்ந்து பட்டன் தைக்கிறேன்.