கிழிந்த ஆம்லெட்டை அக்கா தின்கிறாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிஃப்ட் சரியாகிவிட்டதால் பிறந்த கதை இது. எங்கள் அடுக்ககத்து லிஃப்ட் பழுதாகிக் கிடந்த காலமெல்லாம் அதைச் சரிசெய்ய ஒருவர் வந்துகொண்டிருந்தார். மேல்மாடியில் நான். தண்ணீர் கேட்பார், கொடுப்பேன், பேச்சு வளரும். நேற்று லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. இனி அவர் வர ஒரு காரணமும் இல்லை. அதனால் இன்று மதியம் சாப்பிட வரச் சொல்லிவிட்டேன். நாற்பதைத் தாண்டியவளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். தேவைதான். அவரைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. இன்று கேட்காவிட்டால் என்றைக்குமே கேட்க மாட்டேன்.

அவருக்குப் பிடித்தது ஜப்பானியர்கள் செய்யும் ஆம்லெட் சோறு. லிஃப்ட் பயிற்சிக்கு ஜப்பான் போனபோது சாப்பிட்டாராம். கோழி போட்டு வதக்கிய சோற்றின்மேல், வெளியே வழுவழுப்பாகவும் உள்ளே குழைவாகவும் ஒரு முட்டைச் சுருள். அதைச் செய்துகொண்டேதான் எழுதுகிறேன். (காகிதத்தில் வெண்ணெய்க் கறை பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் அ: அவள் முட்டையை உடைத்தபோது வானம்... வேண்டாம். வானத்துக்கு இங்கே என்ன வேலை?

தொடக்கம் ஆ: லிஃப்ட்டை அவளே மறுபடி கெடுத்தாள். (கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தேன். என்னோடு இருக்கும் அக்கா ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.)

தொடக்கம் இ: வெண்ணெய் உருகியது. முட்டையை ஊற்றினாள், கிளறினாள், ஓரமாக ஒதுக்கினாள், மெல்லத் திருப்பி

கிழிந்துவிட்டது.

3

காகிதத்தில் தப்பாக எழுதினால் கசக்கி எறியலாம். முட்டையை எறிய மனசு வருமா? மேசையில் உட்கார்ந்து அக்கா என் வரைவுகளையெல்லாம் தின்கிறாள். மூன்றாவதைத் தின்னும்போது விமர்சனமும் ஆரம்பித்தது. வாணலி சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பதில் வந்தது. கதாநாயகனையும் அவள் விடவில்லை. லிஃப்ட்காரருக்கு ஜப்பான் சாப்பாடு பிடிக்கும் என்றால் யார் நம்புவார்கள், சமையல்காரராக மாற்று என்றாள். மறுத்துவிட்டேன். நெற்றியில் கிரீஸ் ஒட்டியிருப்பது தெரியாமலே அந்த மனிதர் அவ்வளவு தீவிரமாகப் பேசுவார்.* அதை எந்தச் சமையல்காரருக்குக் கொடுப்பேன்?

"அதெல்லாம் கெடக்கட்டும். வாயத் தொறந்து கேப்பியாடி?"

("கேட்பேன்" என்று கதையில் போட்டுக்கொள்ளுங்கள். நிஜத்தில் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.)

* ஒருநாள் நானே துடைத்துவிட்டேன். அதை இந்தக் கதையில் எழுதப்போவதில்லை.

4

வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. [இங்கே அவர் கண்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அக்கா வெட்டச் சொன்னாள்.] நான்காவது முட்டை, யார் செய்த புண்ணியமோ, கிழியவில்லை. தட்டில் சோற்றின்மேல் மஞ்சளாகப் பளபளத்தது. அவர் உடனே சாப்பிடவில்லை. அந்த ஊரில் கடைக்கார அம்மா இதன்மேல் தக்காளி சாஸால் ஏதாவது எழுதித்தான் தருவாராம். பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க எழுத்தாளர்தானே மேடம், எழுதுங்க."

இத்தனை புத்தகம் எழுதியவளுக்கு இரண்டு வார்த்தை வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனது ஆகட்டும் என்று பாட்டிலைப் பிதுக்கினேன். 'என்னைக் கட்டிக்கிறீங்களா' என்று எழுதி முடிப்பதற்குள் முட்டையில் இடம் தீர்ந்துபோய், கேள்விக்குறி தட்டின் விளிம்பில் விழுந்தது.

அவர் படித்தார். அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். அவர் ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். 'என்னை' போயிற்று. மீதியும் போயிற்று. கடைசியில் கேள்விக்குறியையும் விரலால் வழித்து நக்கினார்.

முடிவு அ: சாப்பாடு நல்லா இருந்துச்சு மேடம் என்று எழுந்து... முடியாது. எழுத மாட்டேன்.

முடிவு ஆ: அக்கா குறுக்கே புகுந்து கல்யாணத் தேதியை

இல்லை. நடந்தது இதுதான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவர் காலித் தட்டை என்னிடம் நீட்டினார்.

"பதில் எழுத எடமில்லையே. இன்னொரு முட்டை போடுங்க."

பேச்சில் 'மேடம்' காணோம், கவனித்தீர்களா?

5

இப்போது அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். பின்னால், பாட்டிலும் கையுமாக அவர். முட்டையை ஊற்றிவிட்டேன். ஓரம் இறுகுகிறது, இந்த நிமிஷமே திருப்பியாக வேண்டும். கண் வேறு கலங்கித் தொலைக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. இந்த ஒன்று மட்டும் கிழியக் கூடாது. நீங்கள் கொஞ்சம் வந்து திருப்பிவிடுகிறீர்களா?