கிணற்றுக்குப் போன சாமிகள்

பானுப்பிரியா மயிலின் கழுத்தில் நீலத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு சேவ் கொடுத்தாள். கம்ப்யூட்டர் முடியாது என்றுவிட்டது. டிஸ்க் நிறைந்துவிட்டது, இனி ஒரு துரும்புக்கும் இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து, முருகன் வேல் பிடித்த கைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டது. மூடினாள். மறுபடி சேவ் கொடுத்தாள். மறுபடியும் வந்து உட்கார்ந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஏஜெண்டுகள் கையில் கொடுப்பார்கள். அன்றைக்கு ஆல்பம் இல்லாத அச்சகக்காரன், முகூர்த்த நேரத்தில் தாலியை வீட்டில் மறந்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி நிற்க வேண்டியதுதான். போதாததற்குக் காலையிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வேறு.

சர்வீஸ் பார்க்கிற ஜெயச்சந்திரன் வந்து, டாக்டர் மாதிரி பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான். "இது எப்ப வேணாலும் மண்டையப் போட்டுரும். உள்ள இருக்கிறதை எல்லாம் இன்னைக்கே இதுல ஏத்திருங்க" என்று புதிதாக ஒரு டிஸ்கை மேசையில் வைத்தான். நோட்டுப் புத்தகம் அளவுக்கு இருந்தது. முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி சிக்கனம் பார்த்துச் சின்னதாக வாங்கச் சொல்லியிருந்ததால், பழையதில் இருக்கிற அம்புட்டையும் அது தாங்காது. "மொதல்ல வேண்டாததக் கழிச்சுப் போடுங்க. லேயர் லேயரா வச்சிருக்கிற ஃபைலுகதான் பெருந்தீனி. அதுகள ஒண்ணா ஒட்டிட்டாலே பாதி எடம் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அச்சகத்துக்குப் போய்விட்டான்.

அச்சகத்திலேயே ஏ.சி. போட்ட ஒரே அறை அதுதான். அதுவும் மனிதருக்காகப் போட்டதில்லை, கம்ப்யூட்டருக்காகப் போட்டது. அண்ணாச்சியே செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வருவார். இன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு பானுப்பிரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் கண்ணில் படாமல் இந்த அச்சகத்திலிருந்து ஒரு சணல் கயிறுகூட வெளியே போனதில்லை. கண்ணுக்கே தெரியாத சாமான் எப்படி இடத்தை அடைக்கும் என்ற சந்தேகம் மட்டும் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

"அண்ணாச்சி, இது ஒங்க அறுபதாங் கல்யாணத்துக்குப் போட்ட ஃப்ளெக்ஸு. ரொம்பப் பெரிய ஃபைலு. எடுத்துரட்டா?"

திரையில் அண்ணாச்சி மாலையும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றார். பின்னால் கோயில் கோபுரம், தலைக்கு மேல் ஏழெட்டுப் புறாக்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பனைமரம் உயரத்துக்கு நின்ற படம் அது. அவர் கொஞ்ச நேரம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும் பிள்ள. அது என்ன, சோறா கேக்குது?"

சரி என்று மற்றதைப் பார்த்தார்கள். மூடிப்போன தீப்பெட்டிக் கம்பெனிகளின் லேபிள்கள், பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களின் கல்யாணப் பத்திரிகைகள், போணியாகாத புஸ்வாணப் பெட்டி டிசைன்கள் எல்லாம் தாராளமாகப் போயின. ஆனாலும் பெரிதாக இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் சாமிகள். பிள்ளையார் மட்டுமே இருபது முப்பது பேர் இருப்பார்கள். பழைய பிள்ளையார் ஒருவரை பானுப்பிரியா பிடித்து இழுத்துக் கொண்டுபோனபோது அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஏ பிள்ள! சாமியக் கொண்டுபோயிக் குப்பைத்தொட்டியிலயா போடுத?"

திரையின் மூலையில் இருந்த ரீசைக்கிள் பின் படத்தை அப்போதுதான் அவளும் சரியாகப் பார்த்தாள். குப்பைத்தொட்டியேதான். மற்ற அச்சகங்களில் வீணான தாளெல்லாம் எடைக்குப் போகும். இங்கே சாமி படம் விழுந்த தாளை மட்டும் தனியாகக் கட்டி வைத்து, வருஷம் ஒருமுறை வேனில் ஏற்றி, சாத்தூர்ப் பக்கம் அண்ணாச்சியின் தோட்டத்துக் கிணற்றில் கரைத்துவிட்டு வருவார்கள். மழை பொய்த்த வருஷங்களில் அந்தக் கிணற்றில் தண்ணீரைவிடத் தெய்வங்கள் அதிகம். அப்படிப்பட்டவரிடம் போய்க் குப்பைத்தொட்டியைக் காட்டினால் சும்மா விடுவாரா.

பானுப்பிரியா யோசித்தாள். 'கிணறு' என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டர் திறந்தாள். அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பழைய பிள்ளையார்கள், தேய்ந்த லட்சுமிகள், கிரீடம் கோணிய ராமர் என ஒவ்வொருவராகக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இடம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது. இடம் மாறாது என்று தெரிந்தேதான் அவள் இதில் இறங்கினாள். அண்ணாச்சி தாமாகவே அலுத்துப்போவார் என்று நினைத்தாள். அவர் அலுக்கிற ஆளாக இல்லை.

"கெணறும் இதே வீட்டுக்குள்ளதான அண்ணாச்சி இருக்கு? வீட்டுச் சாமான வீட்டுக் கெணத்துல போட்டா வீடு எப்படிக் காலியாகும்?"

"அப்பம் என்னதான் செய்யுறது?"

"ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டு டெலீட் குடுத்தா குப்பைத்தொட்டிக்குப் போகாதுங்க. நேரா போயிரும்."

"எங்க போகும்?"

"எங்கயும் போகாது. கரைஞ்சிரும்."

"கரைஞ்சிருமா?" அண்ணாச்சி அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்த்தார். "அத மொதல்லயே சொல்லக்கூடாதா? கரைச்சிரு."

அதன்பிறகு வேலை ஓடியது. அவள் இரண்டு விரலால் அமுக்குவாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வா அப்பனே" என்பார். பெண் தெய்வமாக இருந்தால் "போயிட்டு வா தாயி". இப்படி ஒரு பாதிச் சொர்க்கம் கரைந்தபிறகு, பட்டியலில் எல்லோருக்கும் மேலே மாரியம்மன் மட்டும் அசையாமல் நின்றாள். எல்லாவற்றிலும் பெரிய ஃபைல். பானுப்பிரியா அதைக் கண்டுகொள்ளாத மாதிரி கீழே இறங்கினாள்.

"நம்ம ஆத்தா ஃபைலையா தாண்டிப் போற? அந்தப் பய என்னமோ ஒட்டச் சொன்னானே. தொற பாப்பம்" என்றார் அண்ணாச்சி.

திறக்காமல் இருக்க ஒரு சாக்கும் பானுப்பிரியாவுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிறவர்கள் விரும்பி வாங்குகிற மாதிரி ஒரு மாரியம்மன் வேண்டும் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். அவள் செய்துகொடுத்த முகம் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தியை சினிமாக்காரி என்றார். இன்னொருத்தி வாத்திச்சி மாதிரி முறைக்கிறாள் என்றார். கண்ணில் கருணை வரவில்லை, வரவில்லை என்று திருப்பிக்கொண்டே இருந்தார். அந்த வாரம்தான் அச்சகத்துக்கு டிஜிட்டல் கேமரா வந்தது. அதைச் சரிபார்க்கிறேன் என்று வாசலில் நின்றவள், பட்டாசுக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்த தன் அம்மா சண்முகத்தாயை ஒரு படம் எடுத்தாள். பஸ்ஸில் யாரோ சொன்ன கேலிக்குச் சிரித்தபடியே இறங்கியிருந்தாள் அம்மா. அந்த முகத்தை எடுத்து வைத்து, மேலே மஞ்சள் பூசி, கிரீடமும் மூக்குத்தியும் வேப்பிலை மாலையும் ஏற்றிக் காட்டியபோது அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். "எப்படிப் பிள்ள வந்துச்சு இந்த மொகம்?" என்று கேட்டதற்கு, "தானா வந்துச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவைத்தாள்.

அந்தக் காலண்டர் அடித்த ஆர்டர் வேறு எதுவும் அடிக்கவில்லை. வாசல் அறையில் அண்ணாச்சியின் மேசைக்கு மேலே அது கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அவர் வீட்டுப் பூஜை அறையிலும் தொங்கியது. அண்ணாச்சியின் மனைவி பொன்னுத்தங்கம் அதற்கு மாவிளக்கு போட்டுத்தான் மருமகள் வயிற்றில் பேரன் பிறந்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். புரூஃப் கொடுக்க அந்த வீட்டுக்கு பானுப்பிரியா போயிருக்கிறாள். பின்வாசல் வழியாகப் போய், குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாள். கும்பிட்ட முகம் யாருடையது என்று தெரிந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்காத நாளில்லை. வேலை போவது ஒருபக்கம். வேலைக்குப் போகிற பஸ்ஸில், தெருவில், அம்மாவை யார் என்ன சொல்வார்களோ என்பதுதான் பெரிய பயம்.

ஃபைல் திறந்தது. ஒட்டிவிடலாம் என்று அவள் கை அவசரமாக மெனுவுக்குப் போனது.

"இரு. இங்கன ஓரத்துல அடுக்கடுக்கா இருக்கே, இதுதான் லேயரா? இது என்ன, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கண்ணு?"

"அந்தக் கண்ண அமுக்குனா அந்த அடுக்கு மறையும்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் அண்ணாச்சி மவுஸை வாங்கிக்கொண்டார்.

அவருக்கு அது பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு கண்ணை அமுக்கினார். பின்னால் இருந்த ஒளிவட்டம் போனது. இன்னொன்று. வேப்பிலை மாலை போனது. "அட!" என்றார். மூக்குத்தி போனது. கிரீடம் போனதும் தலையில் துண்டு கட்டியிருந்தது தெரிந்தது. அவர் விரல் கொஞ்சம் தயங்கி, கடைசிக் கண்ணையும் அமுக்கியது. மஞ்சள் போனது. தலையில் துண்டும், வியர்த்த கழுத்தும், ஒரு கன்னத்தில் அப்பிய வெள்ளி நிறப் பட்டாசு மருந்துமாக ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

பானுப்பிரியா மவுஸைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள், அவர் விடவில்லை.

"இது சம்முகத்தாயில்லா?" என்றார் அண்ணாச்சி. "நம்ம வாசல்ல பஸ்ஸு விட்டு எறங்குவாளே."

"ஆமா அண்ணாச்சி. எங்கம்மா."

இரண்டு வருஷத்துக் கற்பூரமும் மாவிளக்கும் அவர் முகத்தில் ஓடுவதை அவள் பார்த்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றும் இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புத்தான் அண்ணாச்சி. வேற மொகம் வச்சு மாத்திருதேன்."

"மாத்திருவியா?" அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "பெறந்த பேரன என்ன செய்ய? அவனையும் மாத்தவா? அவன் இந்த ஆத்தா குடுத்த பிள்ளையில்லா?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அடுத்ததையும் அவரே கேட்டார்.

"ஓங்காத்தாளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வீட்டுலயும் இந்தக் காலண்டரத்தான் மாட்டியிருக்கு. வேல விட்டு வந்து குளிச்சிட்டு அதுக்குத்தான் வெளக்கேத்துது."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். வயிறு முதலில் குலுங்கியது, அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் வந்தது. "தனக்குத்தானே கும்பிடு போட்டுக்கிடுதாளா! யாத்தாடி!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். பானுப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "ஒட்டிரட்டா அண்ணாச்சி? ஒட்டிட்டா பெறகு பிரிக்கவே முடியாது. யாருக்கும் தெரியாது. எடமும் மிச்சம்" என்றாள்.

அவளுக்கு அதுதான் நல்லது. ஒரு அமுக்கில் இரண்டு வருஷத்துப் பயமும் போய்விடும். அண்ணாச்சி அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டாண்டாம்" என்றார். "அவ சிரிக்கிறது நல்லாத்தான இருக்கு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். அந்த ஃப்ளெக்ஸ எடு."

"எந்த ஃப்ளெக்ஸு?"

"எத்தன ஃப்ளெக்ஸு வச்சிருக்க? நம்ம ஃப்ளெக்ஸுதான். கரைச்சிரு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலால் அமுக்கினாள். மாலையும் கறுப்புக் கண்ணாடியும் புறாக்களுமாக அண்ணாச்சி கரைந்துபோனார். அதற்கு மட்டும் அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பானுப்பிரியா மாரியம்மனின் கண்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மஞ்சளையும் கிரீடத்தையும் பழையபடி ஏற்றினாள். முருகனைச் சேவ் செய்தாள். கம்ப்யூட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டது.

புது டிஸ்கில் எல்லாம் ஏறி முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. வாசல் அறையில் அண்ணாச்சி வழக்கம்போலத் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டிருந்தார். பட்டாசுக் கம்பெனி பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தூக்குவாளியோடு வந்த சண்முகத்தாய் எப்போதும் நிற்கிற படிக்குக் கீழேயே நின்று, உள்ளே தொங்கிய அம்மனைப் பார்த்துக் கையெடுத்தாள். அவள் படியேறியதே இல்லை. துணியெல்லாம் மருந்து ஒட்டியிருக்கும்போது தீபத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்பாள். அந்த ஒரு காரணமே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. வேறு காரணம் எதையும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணாச்சி கற்பூரத்தைப் பொருத்தினார். தட்டைத் தூக்கினவர் அம்மனுக்குக் காட்டாமல் அப்படியே நின்றார். திரும்பி வாசலைப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்தார்.

"உள்ள வாங்க" என்றார். அவளை அவர் 'வாங்க' என்றது அதுதான் முதல் தடவை.

"அய்யோ அண்ணாச்சி, கிட்டக்கக் கொண்டாராதீக! மேலெல்லாம் மருந்து!" என்று சண்முகத்தாய் பதறிப் பின்னால் நகர்ந்தாள். நகர்ந்தவள் சிரித்துவிட்டாள். கன்னத்தில் வெள்ளியாக மருந்து அப்பியிருந்தது. "அங்கனயே ஆத்தாளுக்குக் காட்டுங்க, நான் இங்கன இருந்தே கும்பிட்டுக்கிடுதேன்" என்று மறுபடி கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பானுப்பிரியா உள் அறைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு முகம், படிக்குக் கீழே ஒரு முகம். நடுவில் அண்ணாச்சி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், தட்டில் கற்பூரம் எரிய எரிய நின்றுகொண்டிருந்தார்.