யாரும் அமுக்காத பட்டன்

ஏஞ்சலினின் புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. புருஷன் படத்துக்கு முன்னால் நின்று மற்றவர்கள் அழுவார்கள். இவள் நின்று திட்டுவாள். "கை எட்டுற தூரத்துல பட்டன் இருந்துச்சு. ஏன்யா அமுக்கல?" காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தரம், சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு தரம். எபினேசர் படத்துக்குள்ளிருந்து சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் அவனுக்கு வேலை. கன்வேயர் உருளைக்குள் வலது கை போனது, கையோடு ஆளும் போனான். இடது பக்கத்திலேயே மிஷினை நிறுத்தும் சிவப்பு பட்டன். விசாரணைக்கு வந்தவர்கள் அதை அமுக்கிப் பார்த்தார்கள். மிஷின் சமர்த்தாக நின்றது. பட்டனில் கோளாறில்லை, ஆள்தான் அமுக்கவில்லை, தூக்கக் கலக்கமோ குடியோ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். பாக்குகூடப் போடாத மனுஷன் அவன். குடி என்றதை ஏஞ்சலின் நம்பவில்லை. ஆனால் பட்டனை அமுக்கவில்லை என்பதை நம்பினாள். படித்தவர்கள் நேரில் பார்த்துச் சொன்னதாயிற்றே, நம்பாமல் என்ன செய்வாள்?

அந்த வருஷம் முழுக்க அவளுக்குத் துணையாக நின்றவர் பாக்கியராஜ். அதே ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். "சத்தம் கேட்டு மொத ஆளா ஓடுனது பாக்கியராஜ்தாம்மா" என்று அடக்கத்தன்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கூடப்பிறந்தவராக வைத்துக்கொண்டாள். பிறகு அவர் ஆலை வேலையை விட்டுவிட்டார். "கேட்டுக்குள்ள போனாலே நெஞ்சை அடைக்குது தங்கச்சி" என்றார். திருவள்ளூர் பக்கம் மணவாள நகரில் குடியேறி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் மிஷின் ஒன்றை வாங்கி முன்னறையில் போட்டுக்கொண்டார். வீட்டுப் பெயர்ப்பலகை, சாமி படம், சிலுவை என்று எது கேட்டாலும் செதுக்கித் தருவார்.

ஞாயிற்றுக்கிழமை எபினேசருக்கு முதல் வருஷ நினைவுக் கூட்டம். படத்துக்குக் கீழே மாட்ட ஒரு தேக்குப் பலகையில் பெயர் செதுக்க வேண்டும். தானே செதுக்கித் தருவதாகப் பாக்கியராஜ் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, பஸ் மாறி பஸ் ஏறி அவள் மணவாள நகர் வந்து சேர்ந்தாள்.

வந்த நேரம், மிஷின் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. முதல் எழுத்தில் பாதி செதுக்கும், நின்றுவிடும். லேப்டாப்பில் சிவப்பாக ஒரு வரி வரும்.

"இன்னா சொல்லுதுண்ணா?"

"ஸ்டாப் பட்டனை யாரோ அமுக்கிட்டாங்களாம்" என்றார் பாக்கியராஜ். "யாரு அமுக்குனா? நீயும் நானும்தான் நிக்கிறோம். காலையிலேர்ந்து இதே பேஜாரு."

"அமுக்க வேண்டியவரு அமுக்கல. இங்க யாருமே அமுக்காம அமுக்குனதா சொல்லுது" என்று ஏஞ்சலின் கசப்பாகச் சிரித்தாள். பாக்கியராஜ் சிரிக்கவில்லை. குனிந்து மரத்தூளைப் பிரஷ்ஷால் தள்ளத் தொடங்கினார்.

தண்டவாளம் மாதிரியான கம்பிகளைத் துடைத்து எண்ணெய் விட்டார். மரத்தைக் குடையும் பிட் மழுங்கியிருந்தது, அதைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். தூள் உறிஞ்சும் மோட்டாரின் ஒயரைத் தள்ளிப் போட்டார். ஓட விட்டால் இரண்டு எழுத்து ஓடியது, மறுபடி நின்றது. பட்டனுக்குப் போகும் லைனில்தான் எங்கோ லூஸ் என்று சொல்லிக்கொண்டே, சுவரோரம் இருந்த பெட்டியைத் திறந்து உள்ளே ஏதோ செய்தார். இத்துனூண்டு ஒயரை முறுக்கிச் சொருகியது மட்டும் அவள் கண்ணில் பட்டது.

"சரியாயிடுச்சாண்ணா?"

"இப்போதைக்கு ஓடும். புது பட்டன் வாங்கினு வந்து அப்புறம் மாத்திக்கலாம்."

மிஷின் இப்போது நிற்காமல் ஓடியது. பிட் இறங்கி ஏறி மரத்தைச் சுருள் சுருளாக எடுத்துப் போட்டது. 'எபினே' வரைக்கும் வந்துவிட்டது. பாக்கியராஜின் மனைவி விக்டோரியா உள்ளேயிருந்து டீக்குக் குரல் கொடுத்தாள். அவர் எழுந்து போனார். ஏஞ்சலின் மட்டும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தபோது அவனை முழுப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே கிடையாது.

திடீரென்று சத்தம் மாறியது. பலகையைப் பிடித்திருந்த கிளாம்ப் ஒன்று அதிர்ந்து அதிர்ந்து கழன்றுகொண்டது. பலகை ஒரு பக்கமாக நகர, பிட் எழுத்தை விட்டுவிட்டுக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. ஏஞ்சலின் பதறி எழுந்து சிவப்பு பட்டனை ஓங்கி அமுக்கினாள்.

நிற்கவில்லை.

மறுபடி அமுக்கினாள். உள்ளங்கையால் குத்தினாள். இரண்டு கையையும் வைத்து உடம்பு பாரம் முழுக்கப் போட்டு அமுக்கினாள். அது பாட்டுக்கு அவன் பெயரைக் குடைந்துகொண்டு போயிற்று.

"அத்த அமுக்காத! அது வேலை செய்யாது!" சமையலறையிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார் பாக்கியராஜ். "நான் பட்டனைத் தாண்டி ஒயரை மாத்தி உட்டுகினு இருக்கேன்!" அவளைத் தாண்டிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

மிஷின் அடங்கியது. ஏஞ்சலினின் கை இன்னமும் பட்டன் மேலேயே இருந்தது. அவர் பாய்ந்த இடத்தை அவள் பார்த்தாள். சுவரோரத்தில் பெட்டி திறந்தே கிடந்தது. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டு மிஷின் கெட்டதற்கு இப்படி எந்த மனுஷனுக்கும் வியர்க்காது.

"அங்க கம்பெனிலயும் இப்டித்தான் அடிக்கடி நின்னுச்சாண்ணா?"

அவர் பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டீ டம்ளரோடு வந்த விக்டோரியா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தெரியாமல் ஓடி ஓடி வந்து சாப்பிட்டுப் போனது இவள் ஒருத்திதான். 

"லைன் நிக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு" என்றார் பாக்கியராஜ், தரையைப் பார்த்தபடி. "ஒரு ஷிஃப்டுக்குத்தான் ஒயரை மாத்துனேன் தங்கச்சி. மறுநா எடுத்துடலாம்னு..."

"விசாரணைக்கு வந்தவங்க அமுக்குனப்ப நின்னுச்சே."

அவர் கண் திறந்து கிடந்த பெட்டிப் பக்கம் போய்த் திரும்பியது.

"மொத ஆளா ஓடுனது நீதான்னு எல்லாரும் சொன்னாங்க. உன்னைக் கூடப்பொறந்தவன்னு நெனச்சேன்." அவள் குரல் உயரவே இல்லை. "எங்க ஓடுன? அவருகிட்டயா, பெட்டிகிட்டயா?"

விக்டோரியா "ஏஞ்சலு, வேணாம்டி" என்று அழ ஆரம்பித்தாள்.

"சொல்லுண்ணா."

"பெட்டிகிட்ட, ஒயரை எடுத்துட" என்றார் பாக்கியராஜ். "அப்ப அவருக்கு உயிரு இருந்துச்சு."

அப்படியே மரத்தூளில் மடங்கி உட்கார்ந்து அவள் காலைத் தொடப் போனார். தன் பிள்ளைகளைச் சொன்னார், ஆண்டவரைச் சொன்னார், ஒரு நாளாவது தூங்கியிருப்பேனா என்று கேட்டார். வேறு பலகை இருக்கிறது, நன்றாகச் செதுக்கித் தருகிறேன் என்றும் சொன்னார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

கழன்ற கிளாம்பைத் தள்ளிவிட்டுப் பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 'எபினே' என்பதற்கு மேல் எழுத்தில்லை, குறுக்கே ஓடிய பள்ளம்தான். முந்தானையால் தூளைத் துடைத்தாள். ஒரு வருஷமாகக் காலையும் மாலையும் இந்த மனுஷனை என்ன பேச்சு பேசியிருக்கிறாள்.

"எத்தினி தரம்யா அமுக்குன?" என்று கேட்டாள்.